முழங்காலுக்குக் கீழே எடுத்த கால்: தையல் பிரித்த இடம் மூடவில்லை

ஏற்காட்டான் எழுதியது:

வணக்கம். அப்பாவுக்கு வயது 64. காபி எஸ்டேட்டில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை நோய் நெடுங்காலமாக இருக்கிறது. நினைத்தால் மாத்திரை போடுவார், இல்லையென்றால் இல்லை. வலது கால் சுண்டுவிரலில் செருப்பு கடித்த புண் மழைக்காலத்தில் பெரிதாகி, பாதம் கறுத்துவிட்டது. சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் விட்டுக் காலை எடுத்தார்கள்.

தையல் பிரிக்கும்போது நன்றாகத்தான் இருந்தது. மலைக்குத் திரும்பிய பிறகு நடுவில் ஓரிடம் வாய் திறந்துகொண்டது. கட்டைவிரல் நுனி நுழையும் அளவு. உள்ளே மஞ்சளாக ஏதோ ஒட்டியிருக்கிறது. கட்டு தினமும் நனைந்துவிடுகிறது. ஒரு பக்க ஓரத்தில் தோல் கருநீலமாக இருக்கிறது. காய்ச்சல் இல்லை. சர்க்கரை வெறும் வயிற்றில் 210, சாப்பிட்ட பின் 300க்கு மேல். சென்ற வாரம் கீழே கொண்டுபோய்க் காட்டினோம். "இரண்டு வாரம் பார்ப்போம், மூடவில்லை என்றால் முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டிவரும்" என்றார்கள். அதைக் கேட்டதிலிருந்து அப்பா யாரோடும் சரியாகப் பேசுவதில்லை.

வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். முட்டை, கறி, பருப்பு, கத்தரிக்காய் எல்லாம் சீழ் வைக்கும் என்று அத்தை கண்டிப்பாகப் பத்தியம் வைத்திருக்கிறார். அம்மா வேளை தவறாமல் ஜவ்வரிசிக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிறார். பக்கத்து ஊர் வைத்தியர் ஒரு பச்சிலைப் பொடி தந்திருக்கிறார், இன்னும் போடவில்லை. சர்க்கரைப் புண்ணுக்கென்று ஒரு ஸ்பிரேயைக் கைப்பேசி விளம்பரத்தில் பார்த்துவிட்டு அண்ணன் வாங்கலாம் என்கிறார், விலை ஆயிரக்கணக்கில்.

எதைப் போட்டால் சீக்கிரம் ஆறும்? மேலே எடுப்பதைத் தவிர்க்க வழி இருக்கிறதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


அஸ்தம்பட்டி சிஸ்டர் எழுதியது:

தம்பி, அறுவை சிகிச்சைப் பிரிவில் கட்டுப் போடும் அறையிலேயே காலம் தள்ளி ஓய்வு பெற்றவள் நான். மேலே பூசிய மருந்து இப்படிப்பட்ட புண்ணை ஆற்றி நான் பார்த்ததில்லை. புண்ணைச் சுத்தமாக வைத்திருக்கலாம், காய்ந்து போகாமலும் அடிபடாமலும் காக்கலாம். கட்டு செய்கிற வேலை அவ்வளவுதான். சதை வளர வேண்டுமானால் உள்ளேயிருந்து ரத்தம் வர வேண்டும். அதனால் உங்கள் கேள்வியைப் பின்னால் வைத்துக்கொண்டு, நான் கேட்பதற்குப் பதில் தேடுங்கள்: எடுத்த காலின் அந்த முனைக்கு ரத்தம் போகிறதா?

ஓரம் கருநீலம் என்று எழுதியிருக்கிறீர்கள். மஞ்சளைவிட அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. புறங்கையை வைத்துப் பாருங்கள். தொடையிலிருந்து கீழே வரும்போது எங்கே திடீரென்று குளிர்கிறது? நல்ல காலின் அதே இடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இது பரிசோதனைக்கு மாற்று ஆகாது, ஆனால் டாக்டரிடம் சொல்ல ஒரு செய்தி. காலை எடுப்பதற்கு முன், ரத்தக்குழாயில் ஓட்டம் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுத்திருப்பார்கள். டிஸ்சார்ஜ் காகிதங்களுக்குள் அந்த ரிப்போர்ட் இருக்கும். தேடி எடுத்து, தொடையிலும் முழங்காலுக்குப் பின்னாலும் ரத்த ஓட்டத்தைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். சர்க்கரைக்காரர்களின் ரத்தக்குழாய்ச் சுவரில் சுண்ணாம்புச் சத்து படிந்து கெட்டியாகிவிடும். அதனால் கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தம் பார்த்து ஒப்பிடும் சோதனை, ஓட்டம் கெட்டிருந்தாலும் நன்றாக இருப்பதாகக் காட்டும். அதை மட்டும் நம்பி "ஓட்டம் சரி" என்று யாராவது சொல்லியிருந்தால் மறுபடி கேளுங்கள். சில பெரிய மருத்துவமனைகளில் தோலின் மேல் ஒட்டி ஆக்சிஜன் அளக்கும் கருவியும் உண்டு. மி.மீ. பாதரச அளவில் 40க்கு மேல் காட்டினால் புண் ஆறும் என்று நம்பலாம், 20க்குக் கீழே என்றால் கடினம்.

ஓட்டம் குறைவு என்று தெரிந்தால் பார்க்க வேண்டியவர் ரத்தக்குழாய் அறுவை நிபுணர். தொடையில் அடைப்பு இருந்தால் பலூன் வைத்துத் திறக்க முடியுமா என்று அவர்தான் சொல்ல முடியும். அந்தப் பதில் வராமல் முழங்காலுக்கு மேலே எடுக்கக் கையெழுத்துப் போடாதீர்கள். விதிவிலக்கு ஒன்று: சீழ் உடம்பில் ஏறி உயிருக்கு ஆபத்து என்ற நிலை. அப்போது பேரம் பேச நேரம் கிடையாது.

சர்க்கரைக்கு வருகிறேன். 300ல் ரத்த வெள்ளணுக்கள் கிருமியைப் பிடித்துக் கொல்லும் திறன் மந்தமாகிவிடும். மருத்துவமனையில் அறுவைக்குப் பிறகு 180க்கு மேலே போகாமல் பார்த்துக்கொள்வோம். வீட்டிலும் அதை ஒட்டித்தான் டாக்டர் இலக்கு வைப்பார். புண் ஆறும் வரை மாத்திரையை நிறுத்திவிட்டோ, மாத்திரையோடு சேர்த்தோ இன்சுலின் கொடுப்பது வழக்கம். இன்சுலின் போட்டுவிட்டால் கடைசிக் கட்டம் என்று அப்பா நினைத்தால், இப்போதைக்குத்தான் என்று சொல்லுங்கள். பலருக்குப் புண் ஆறிய பிறகு திரும்ப மாத்திரைக்கு மாற்றியிருக்கிறார்கள். ஒரே நாளில் அடித்து இறக்கவும் கூடாது. 70க்குக் கீழே போய்த் தலைசுற்றி, திறந்த முனையிலேயே விழுந்தவர்களைத் தூக்கியிருக்கிறேன். ஒரு நோட்டில் நேரம், அளவு, என்ன சாப்பிட்டார் என்று மூன்றையும் எழுதுங்கள். இன்னொன்று: சாப்பாடும் மருந்தும் மாறாமல் சர்க்கரை மட்டும் திடீரென்று ஏறினால், உள்ளே எங்கோ கிருமி வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். பல நேரம் காய்ச்சலுக்கும் நாற்றத்துக்கும் முன்பே அது தெரியும்.

இப்போது உங்கள் அத்தை. கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன் என்று அவரிடம் சொல்லுங்கள். முட்டை சீழ் வைக்கும், பருப்பு சீழ் வைக்கும் என்பதை யார் கிளப்பிவிட்டார்களோ, அந்தப் பேச்சால் பட்டினி கிடந்த நோயாளிகள் என் வார்டில் கொஞ்சமல்ல. கிருமியோடு மோதிச் செத்த வெள்ளணுக்கள்தான் சீழ். அந்த வெள்ளணு உண்டாவதற்கும், புதுச்சதைக்கு நாராக நிற்கும் கொலாஜன் உண்டாவதற்கும் புரதம் வேண்டும். பத்தியம் அதைத்தான் முதலில் பிடுங்கிக்கொள்கிறது.

அம்மாவின் கஞ்சியைக் குறை சொன்னால் சேலத்துக்காரர்கள் என் மேல் சண்டைக்கு வருவார்கள். இந்த மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிவது ஜவ்வரிசி ஆலைகளால்தான். ஜவ்வரிசி ஆலைக்காரர்களின் சேகோசர்வ் கூட்டுறவு 1981ல் தொடங்கியது, நம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் வந்துவிட்டது. எல்லாம் சரி. ஆனால் அது மரவள்ளிக்கிழங்கின் மாவு. 100 கிராமில் 85 கிராமுக்கு மேல் மாவுச்சத்து, புரதம் ஒரு கிராம்கூடத் தேறாது. கஞ்சியாகக் காய்ச்சினால் வயிற்றுக்குள் போன வேகத்தில் சர்க்கரையாக மாறும். உங்கள் 300க்குப் பாதிக் காரணம் அந்தப் பாத்திரத்தில் இருக்கிறது என்று நான் பந்தயம் கட்டுவேன்.

புண் உள்ளவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை கிராம் வரை புரதம் என்பது கணக்கு. 60 கிலோ ஆளுக்கு 75 முதல் 90 கிராம். எப்படி வரும்? இரண்டு முட்டையில் 12. உள்ளங்கை அளவு கோழித்துண்டில் 25, மேட்டூர் மீன் கிடைத்தால் அதிலும் கிட்டத்தட்ட அவ்வளவு. ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்பில் 8. ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7. ஒரு கிண்ணம் தயிரில் 6. அசைவம் சாப்பிடாத வீடு என்றால் சுண்டல், கொள்ளு, பனீர், பால் என்று வேளைக்கு வேளை முயல வேண்டும். சோற்றையோ களியையோ குறைத்து, அந்த இடத்தில் இவற்றை வையுங்கள். ஆனால் ஒரு நிபந்தனை. முதலில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தச் சோதனை பாருங்கள். சிறுநீரகம் கெட்டிருந்தால் இந்தக் கணக்கு செல்லாது, டாக்டர் சொல்லும் அளவுதான். ரத்தத்தில் ஹீமோகுளோபின், ஆல்புமின் என்ற புரதம் இரண்டையும் அதோடு சேர்த்துப் பாருங்கள்.

கட்டு மாற்றும் விதம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஒட்டிய காஸ் துணியை வெடுக்கென்று இழுக்காதீர்கள். சலைன் என்ற சுத்தமான உப்புநீரை ஊற்றி ஊறவிட்டு, அது தானாக நெகிழ்ந்து வரும்போது எடுங்கள். இழுத்தால் முந்தின நாள் வளர்ந்த சிவப்புச் சதையும் கூடவே வந்துவிடும். ரத்தம் கசிந்தால் அதைத்தான் பிய்த்தீர்கள் என்று பொருள். நுரைக்கிற ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டாம், அது கிருமியோடு புதுச்செல்லையும் கொல்லும். பெட்டாடினைக் குழிக்குள் தினமும் ஊற்றுவதும் வேண்டாம், டாக்டர் சொல்லியிருந்தால் மட்டும் சொன்னபடி. திறந்த சலைன் பாட்டிலை மறுநாளுக்கு வைக்காதீர்கள். குழிக்குள் சலைனில் நனைத்துப் பிழிந்த காஸைத் தளர்வாக வைத்து, மேலே உலர்ந்த காஸ், அதன் மேல் கட்டு. திணித்து அடைக்கக் கூடாது. உள்ளே ஒட்டியிருக்கும் மஞ்சள் என்பது செத்த சதை. அதை எடுக்க வேண்டும், எடுப்பவர் அறுவை மருத்துவராக இருக்க வேண்டும், அதுவும் ரத்த ஓட்டம் தெரிந்த பிறகு. கிருமிப் பரிசோதனைக்கு மேலே வழிகிற நீரைத் தொட்டு அனுப்புவார்கள். அதற்குப் பதில், சுத்தம் செய்த பிறகு அடியிலிருந்து சிறு துண்டு எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், எந்த ஆன்டிபயாடிக் என்பது அதில்தான் சரியாகத் தெரியும். எலும்பு முனையில் கிருமி இருக்கிறதா என்று ஒரு எக்ஸ்ரேயும் எடுக்கட்டும்.

பச்சிலைப் பொடி தந்தவர் நல்ல எண்ணத்தில் தந்திருப்பார். எலும்புக்குப் பக்கம் வரை திறந்த குழியில் சுத்திகரிக்காத எந்தப் பொடியும் போகக் கூடாது. ஸ்பிரேக்கு வைத்திருக்கும் பணத்தில் டாப்ளர் எடுக்கலாம்.

அப்பா பீடி பிடிக்கிறாரா? நீங்கள் எழுதவில்லை. எஸ்டேட் மேஸ்திரி என்றதும் கேட்கத் தோன்றுகிறது.


அம்மாபேட்டைத் தறி எழுதியது:

சிஸ்டர் சொன்னதற்கு மேல் மருத்துவம் சொல்ல எனக்குத் தெரியாது. எனக்கு இடது கால், அப்பாவுக்கு எடுத்த அதே மட்டத்தில் எடுத்தது. இப்போது செயற்கைக் காலோடு நடக்கிறேன். அதனால் எழுதுகிறேன், தம்பி இதை அப்பாவுக்கே படித்துக் காட்டினாலும் சரி.

எனக்கும் தையல் பிரித்த பின் ஓரம் திறந்தது. காரணம் விழுந்ததுதான். இரவில் தூக்கக் கலக்கத்தில் எழுந்து, இல்லாத காலை ஊன்றினேன். மூளைக்குக் கால் போன செய்தி அவ்வளவு சீக்கிரம் எட்டுவதில்லை ஐயா, விரல் அரிக்கும், பாதம் எரியும், சொறியக் கையை நீட்டினால் அங்கே போர்வைதான் இருக்கும். அந்த எரிச்சலுக்கென்றே மாத்திரை இருக்கிறது, பைத்தியம் என்று நினைப்பார்களோ என்று சொல்லாமல் இருக்காதீர்கள். இரவுக்குக் கட்டில் பக்கத்தில் சிறுநீர் பாட்டில் வைத்துவிடுங்கள். மலையில் இரவுக் குளிரில் வெளியே கழிப்பறைக்குப் போவது என்பது வேண்டவே வேண்டாம். கட்டிலில் எடுத்த கால் இருக்கும் பக்கமாக இறங்க முடியாதபடி அந்தப் பக்கத்தைச் சுவரோடு ஒட்டிப் போட்டார் என் மனைவி. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவராகவே செய்தார்.

மறுபடி கட்டிய டாக்டர் துணிக்கட்டுக்கு மேலே மாவுக்கட்டில் ஒரு கூடு செய்து மாட்டிவிட்டார். கழற்றி மாட்டலாம். புண்ணைப் பார்க்க வேண்டும் என்றால் கழற்றுவோம், மற்ற நேரமெல்லாம் அதற்குள்தான். வீக்கம் வடிந்தது, தட்டினாலும் முட்டினாலும் வலி இல்லை, பயமும் போனது. அப்பாவுக்கு அது பொருந்துமா என்று கேளுங்கள்.

பீடி பற்றி சிஸ்டர் கேட்டுவிட்டார். நான் தறிக்குழியில் உட்கார்ந்தபடியே கட்டுக்கட்டாக இழுத்தவன். ஒவ்வொரு பீடிக்கும் ரத்தக்குழாய் சுருங்கும் என்று டாக்டர் படம் வரைந்து காட்டியும் விடவில்லை. மேலே எடுக்கலாம் என்ற பேச்சு வந்தபோதுதான் விட்டேன். வீட்டில் தீப்பெட்டி, பீடிக்கட்டு எதுவும் கண்ணில் படாமல் வைக்க வேண்டும், பார்க்க வருகிறவர்கள் கையில் கொடுத்துவிட்டுப் போகாமலும் பார்க்க வேண்டும். நலம் விசாரிக்க வந்தவர்கள் பீடியும் லட்டும்தான் கொண்டுவந்தார்கள்.

இன்னொரு விஷயம். புண் முழுக்க மூடுவதற்கு முன்பே ஒருவர் வீட்டுக்கு வந்து, இன்றே அளவெடுத்தால் கால் மலிவாகச் செய்து தருகிறேன் என்று முன்பணம் கேட்டார். பேர் வேண்டாம். வீக்கம் வடிய வடிய முனை சுருங்கிக்கொண்டே போகும். அவசரப்பட்டு எடுத்த அளவு பிறகு தொளதொளவென்று ஆடும், ஆடினால் உரசும், உரசினால் மறுபடி புண். தோல் ஆறி, அளவு ஒரு நிலைக்கு வந்த பிறகு செய்துகொண்டேன்.

தறியின் மிதிப்பலகை எனக்கு இன்னும் பழைய வேகத்தில் வரவில்லை. பெரும்பாலும் நூலைத் தார் சுற்றுகிறேன், பாவு பார்க்கிறேன். வீட்டில் சும்மா இருக்கவில்லை என்பதை அப்பாவுக்குச் சொல்லுங்கள்.


சூரமங்கலம் பிசியோ எழுதியது:

ஒரே ஒரு விஷயம், ஆனால் அவசரம். அப்பாவின் முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்திருக்கிறீர்களா? இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். வலிக்கு இதமாக இருக்கும் என்று எல்லா வீட்டிலும் வைக்கிறார்கள். முழங்கால் மடங்கியபடியே சில வாரங்கள் இருந்தால் பின்புறத் தசைநார் சுருங்கி நீட்ட வராது. புண் ஆறினாலும் அந்தக் காலில் செயற்கைக் கால் மாட்டுவது பெரும்பாடு. படுக்கும்போதும் நாற்காலியில் இருக்கும்போதும் முழங்கால் நீட்டியே இருக்கட்டும். சக்கர நாற்காலி என்றால் தொடைக்கு அடியில் ஒரு பலகையைச் செருகி, அதன் மேல் போர்வை மடித்து வைத்து, முனையைத் தாங்கவிடுங்கள். நாளுக்குச் சில முறை, மூச்சுத்திணறல் இல்லை என்றால், கொஞ்ச நேரம் குப்புறப் படுக்கட்டும். இடுப்பும் மடங்கிப் போகாமல் இருக்கும். தொடைத்தசையை இறுக்கி முழங்காலை மெத்தையில் அழுத்தி ஐந்து எண்ணும் வரை பிடித்து விடும் பயிற்சியைப் படுத்தபடியே செய்யலாம், புண்ணை இழுக்காது.

மேலே எடுப்பது பற்றி: முழங்கால் மிச்சம் இருப்பவர் நடப்பதற்கும் தொடையோடு போனவர் நடப்பதற்கும் செலவாகும் சக்தியில் வித்தியாசம் மிகப் பெரியது. இந்த வயதில் இதயமும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். அந்த மூட்டைக் காப்பாற்ற ஒரு வாய்ப்பு இருந்தாலும் முயன்று பார்ப்பது தகும். வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்க மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோ உண்டு, உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யுங்கள்.


ஏற்காட்டான் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அப்பாவுக்கு அம்மாபேட்டை அண்ணன் எழுதியதைப் படித்துக் காட்டினேன். "தார் சுற்றுகிறாரா?" என்று ஒரு கேள்வி கேட்டார். பிறகு பீடிக்கட்டு எங்கே என்று கேட்டார், கொடுக்கவில்லை. ஆம் சிஸ்டர், பிடிப்பார்.

தலையணை இருந்தது, எடுத்துவிட்டோம். ரிப்போர்ட்டும் கிடைத்தது. தொடை ரத்தக்குழாயில் நடுப்பகுதியில் ஓரிடத்தில் கடுமையான அடைப்பு, அதற்குக் கீழே ஓட்டம் குறைவு என்று எழுதியிருக்கிறது. இதை யாரும் எங்களிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை. இங்கே ரத்தமும் பரிசோதித்தோம். ஹீமோகுளோபின் 8.6, கிரியாட்டினின் 1.9. அதற்கு என்ன பொருள்? நாளை மறுநாள் சேலத்தில் ரத்தக்குழாய் நிபுணரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறோம். போனமுறை ஜீப்பில் இறக்கியபோது 20 கொண்டை ஊசி வளைவு முடிவதற்குள் முனை புடைத்துவிட்டது. எப்படிக் கூட்டிப்போவது? அண்ணன் இன்னும் ஒன்று கேட்கச் சொன்னார்: உறிஞ்சு கருவி வைத்துக் கட்டும் முறையும், ஆக்சிஜன் அறைக்குள் வைக்கும் சிகிச்சையும் பலன் தருமா?


அஸ்தம்பட்டி சிஸ்டர் எழுதியது:

ரிப்போர்ட்டைக் கண்டுபிடித்தது நல்லதாகிவிட்டது. தொட்டிக்கு வரும் குழாயில் அடைப்பு இருக்கும்போது, தொட்டியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி என்ன பயன்? அடைப்பு தொடையில் ஓரிடத்தில் என்பது ஓரளவு நம்பிக்கை தரும் செய்தி. நிபுணரிடம் கேட்க வேண்டியது: இதைத் திறக்க முடியுமா, திறந்தால் முனைக்குப் போதுமான ரத்தம் வருமா, அதுவரை மேலே எடுப்பதைத் தள்ளிவைக்கலாமா. கிரியாட்டினின் 1.9 என்றால் சிறுநீரகம் மந்தமாகியிருக்கிறது என்று பொருள், அதை அவர் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லுங்கள். ரத்தக்குழாயைப் படம் பிடிக்கச் செலுத்தும் சாய மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கக் கூடும், அதற்குத் தகுந்தபடி அவர் முன்னேற்பாடு செய்வார். சர்க்கரை மாத்திரை அட்டைகளையும் காட்டுங்கள், சிலவற்றை இந்த அளவில் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டும். நான் எழுதிய புரதக் கணக்கை நீங்களாக முழுவதும் தொடங்க வேண்டாம். சிறுநீரக மருத்துவரைக் கேட்டு அளவு வாங்குங்கள். ஆனால் பத்தியத்தை இன்றே கைவிடலாம், ஜவ்வரிசியும் இனி வேண்டாம். இட்லி ஒன்று இரண்டு, முட்டை, கொஞ்சம் பருப்பு என்று சாதாரணச் சாப்பாட்டுக்கு வாருங்கள். ஹீமோகுளோபின் 8.6 குறைவு. இரும்புச்சத்துக் குறைவா, சிறுநீரகத்தாலா என்று பார்த்து மருந்து கொடுப்பார்கள். மூன்று மாத சராசரி பார்க்கும் எச்பிஏ1சி சோதனை, ரத்தச்சோகை இருப்பவருக்கும் ரத்தம் ஏற்றியவருக்கும் பிசகாக வரலாம். உங்கள் நோட்டுதான் இப்போது நம்பத்தக்கது.

உறிஞ்சு கட்டு நல்ல கருவி. சர்க்கரை நோயில் பாதத்தின் ஒரு பகுதியை எடுத்தவர்கள் 162 பேரை வைத்து 2005ல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு ஆய்வு வந்தது. 16 வாரத்தில் உறிஞ்சு கட்டுப் போட்டவர்களில் 56 சதவீதம், சாதாரணக் கட்டில் 39 சதவீதம் ஆறியது. ஆனால் அது பாதப் புண், அதுவும் ரத்த ஓட்டம் போதுமான அளவு இருந்தவர்களுக்கு. அடைப்பைத் திறந்து, செத்த சதையை எடுத்த பிறகு டாக்டர் சொன்னால் வையுங்கள், அதற்கு முன் வைத்துப் பணம் கொடுக்காதீர்கள். ஆக்சிஜன் அறை இந்த மாதிரி முழங்கால் முனைக்குப் பலன் தரும் என்று நிலைநாட்டப்படவில்லை, செலவோ தொடர்ந்து வரும்.

மலைப்பாதை. ஜீப் வேண்டாம், கார் எடுங்கள். முன் இருக்கையைப் பின்னால் தள்ளி, பிசியோ சொன்ன பலகையைத் தொடைக்கு அடியில் செருகி, முனை நீட்டியே இருக்கும்படி வையுங்கள். தொங்கவிட்டதால்தான் புடைத்தது. பெல்ட் கட்டாயம். ஓட்டுநரை மெதுவாகப் போகச் சொல்லி, அடிவாரத்தில் நிறுத்திக் கட்டு நனைந்திருக்கிறதா, இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். கிரேப் பேண்டேஜ் போட்டிருந்தால் முனையில் சற்று அழுத்தமாகவும் மேலே போகப் போகத் தளர்வாகவும் எட்டு வடிவில் வர வேண்டும். மேலே இறுகினால் கழுத்தை நெரித்த மாதிரி ஆகிவிடும். ஓட்டம் குறைவு என்று தெரிந்துவிட்டதால் நிபுணர் பார்க்கும் வரை அதைப் போடாமல் இருப்பதே நல்லது. அம்மாபேட்டைக்காரர் சொன்ன மாவுக்கூட்டைப் பற்றியும் நிபுணரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நல்ல முறைதான், ஓட்டம் சரியான பிறகு. பயண நேரத்தில் சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை இறங்கும், கையில் சர்க்கரைப் பொட்டலமும் பிஸ்கெட்டும் இருக்கட்டும்.

நீங்கள் யாரும் கேட்காதது இடது கால். ஒரு கால் போனவருக்கு மற்றக் காலுக்கும் ஆபத்து அதிகம், அந்தக் காலிலும் ரத்த ஓட்டத்தை நாளை மறுநாளே பார்க்கச் சொல்லுங்கள். குதிகாலில் படுக்கைப் புண் வருகிறதா என்று தினமும் பாருங்கள், கெண்டைக்காலுக்கு அடியில் துணி மடித்து வைத்துக் குதிகால் மெத்தையில் படாமல் தொங்கட்டும். மலைக் குளிருக்குக் குமுட்டி அடுப்பு மூட்டிப் பக்கத்தில் வைக்கும் பழக்கம் இருந்தால் அதைத் தூரத் தள்ளுங்கள், வெந்நீர்ப் பையும் கூடாது. உணர்ச்சி மரத்த பாதம் வெந்துபோனாலும் அவருக்குத் தெரியாது. கம்பளியும் தளர்வான பருத்திக் காலுறையும் போதும். நடக்கத் தொடங்கும்போது மென்மையான ரப்பர் உள்ளடி வைத்த எம்.சி.ஆர். செருப்பு வாங்குங்கள்.

காய்ச்சல், துர்நாற்றம், சிவப்பு மேலே ஏறுவது, கருநீலம் பரவுவது, அழுத்தினால் தோலுக்கு அடியில் நறநறவென்று காற்று ஓடுவது, உளறல், திடீர் ரத்தப்போக்கு: இவற்றில் எது வந்தாலும் வாங்கிய நேரத்துக்குக் காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். இரவாக இருந்தாலும் சரி.

முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துப் போங்கள், பலூன் சிகிச்சைக்கு அனுமதி கிடைக்குமா என்று காப்பீட்டு மேசையில் விசாரியுங்கள். அசல் டாப்ளர் ரிப்போர்ட்டைக் கொடுத்துவிட்டு வராதீர்கள், நகல் கொடுங்கள். நிபுணர் என்ன சொன்னார் என்று இங்கே எழுதுங்கள்.